மூன்று மணி வண்டி

டைம்கீப்பரைப் பார்த்துக்கொள்ள வந்த முதல் ஹோம் நர்ஸ் ஒன்பது நாள் தாங்கினாள். இரண்டாவது ஆள் ஒன்றரை மாதம். மூன்றாவதாக வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி, பேச்சு குறைவு. வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "பாத்ரூம் எங்க இருக்கு? தரை வழுக்குமா?" என்றுதான் முதலில் கேட்டாள். இவள் நிலைப்பாள் என்று மகளுக்கு அப்போதே தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் மகளுக்குத் தோன்றியது எதுவும் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது.

முதல் நர்ஸ் வாய் ஓயாதவள். வந்ததிலிருந்து "தாத்தா, என் செல்லத் தாத்தா" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். பஸ் டெப்போவில் முப்பத்தாறு வருஷம் டைம்கீப்பராக உட்கார்ந்து, முரட்டு டிரைவர்களையெல்லாம் கையெழுத்துக்காக ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்த மனிதர் அவர். "யாருக்கு யாரு தாத்தா?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். இரண்டாவது நர்ஸ் பாவம், நல்லவள்தான். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வர வேண்டியவள் எட்டு இருபதுக்கு வந்தாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்த டைம்கீப்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னைக்கு உனக்கு டூட்டி கிடையாது. ஸ்பேர் ஆளப் போட்டாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். அது பரவாயில்லை என்று அவளே சிரித்தாள். அவள் நின்றதற்குக் காரணம் வேறு. மூன்று மணி.

மூன்று மணி என்றால் அந்த வீட்டில் வியாதியின் பெயர். காலையில் பச்சைக் குழந்தையாக வாய் திறந்து சோறு வாங்கிக்கொள்கிற மனிதர், மத்தியானம் மூன்று மணி ஆனால் வேறு ஆளாகிவிடுவார். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார், கத்துவார், கதவை உலுக்குவார். குறுக்கே நிற்கிறவர்களைத் தள்ளுவார். டாக்டர் கேட்டுக்கொண்டு, வயசானவர்களுக்கு மறதி வந்தால் சாயங்கால நேரத்தில் இப்படி ஆவது உண்டு என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையில் பத்து மணி வரைக்கும் காலைத் தூக்கம் வந்தது. மூன்று மணி மட்டும் அசையவில்லை.

மகள் அந்த மூன்று மணியை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பின்னறையில் சாணைக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அதே ஞாயிறு டைம்கீப்பருக்கும் அந்தக் காலத்தில் வார விடுமுறை. "அப்பா, இன்னைக்கு ஞாயிறு, உங்களுக்கு ஆஃப்" என்று காலையில் சொல்லிவிட்டால் போதும், பனியனோடு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று ஒரு செவ்வாய்க்கிழமையையும் ஞாயிறாக்கிப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தவர், "ஸ்கூல் வண்டி ஓடுது. என்ன பெரிய ஞாயிறு?" என்று திருப்பிக் கேட்டார். அவர் மறந்தது பெண்டாட்டி செத்ததை, பிள்ளைகள் முகத்தை, கழிப்பறை இருக்கிற திசையை. வண்டி ஓட்டத்தை மறக்கவில்லை.

பெண்டாட்டி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் அவர் கேட்டபோதெல்லாம் மகள் உண்மையைத்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் செய்தி. "எப்போ? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்று குலுங்கிக் குலுங்கி அழுவார். ஒரு மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "அம்மா எங்கம்மா?" என்பார். ஒரே நாளில் நாலு தடவை பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதரைப் பார்த்துப் பார்த்து மகளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏஜென்சியிலிருந்து வந்த சூப்பர்வைசர் மேடம்தான் வழி சொன்னாள். "உண்மைய சொல்லி அழ வைக்காதீங்க. அவருக்கு நிம்மதியா இருக்கிற மாதிரி ஒரு பதில் முடிவு பண்ணுங்க. வீட்டு ஆளு, வேலைக்கு வர்ற ஆளு, ஃபோன்ல பேசுற ஆளு, எல்லாரும் அதையேதான் சொல்லணும். ஆளுக்கு ஒண்ணு சொன்னா கண்டுபிடிச்சிடுவாங்க. எழுதி வைங்க."

அப்படிப் பிறந்தது அந்த நோட்டு. ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கேள்வி இடது பக்கம், பதில் வலது பக்கம். வேறு ஊரில் இருந்த அண்ணன் ஃபோனில் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள்.

"அம்மா எங்கன்னு கேட்டா, சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு போடு."

"எப்ப வருவான்னு கேப்பாரேண்ணே."

"இன்னைக்கு வந்துடுவான்னு சொல்லு. சும்மா சொன்னா நம்ப மாட்டாரு. டைம் சொல்லு. மூணு மணி பஸ்ல வர்றாங்கன்னு போடு. டைம் சொன்னா நம்புற ஆளு அவரு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அண்ணனுக்கு மூளை என்று அன்றைக்கு மகள் மனசாரப் பாராட்டினாள். எழுதி எட்டு மாதம் ஆயிற்று.

அந்த வியாழக்கிழமை, மகள் ஒரு தடித்த லென்ஸைச் சாணையில் வைத்து ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல் மேல் தண்ணீர் சொட்ட, வெள்ளை மாவு கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. லென்ஸ் தேய்க்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது, அரை நொடி அதிகம் அழுத்தினாலும் ஓரத்தில் சில் பெயர்ந்து போய்விடும். அந்த நேரம் பார்த்து ஏப்ரன் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. சில் போய்விட்டது.

"நேத்து மத்தியானம் ஐயா என்னைப் புடிச்சுத் தள்ளிட்டாரும்மா" என்றாள் ஹோம் நர்ஸ். குரலில் கோபம் இல்லை. "உனக்கு வேற கவலை எதுக்குன்னு நேத்து சொல்லல. இன்னைக்குக் காலைல முட்டி பூசணிக்காயா வீங்கிக் கெடக்கு. உக்காந்தா எந்திரிக்க முடியல. நான் சனிக்கிழமையோட நின்னுக்கறேன்மா. கோவிச்சுக்காத."

மகள் அரை லீவு கேட்டுக் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள். முதலாளி கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். சில் போன லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"போயிட்டு வா. ஆனா இந்த மாசத்துல நாலு தடவ காலைல லேட்டா வந்த, இப்ப அரை லீவு. நீ வேலைய விடணும்னா விடுறேன்னு சொல்லிடு, நான் வேற ஆள் பாத்துக்கறேன். ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டுக் கெடந்தா உனக்கும் சிரமம், எனக்கும் சிரமம்."

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஏஜென்சிக்கு ஃபோன் போட்டாள். சூப்பர்வைசர் மேடம் மரியாதையாகவே கையை விரித்தாள். "மூணு பேர் அனுப்பிட்டோம் மேடம். அவர் தள்றாருன்னு ஃபைல்ல ஏறிடுச்சு. இனிமே அந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க." அடுத்து அண்ணன். அவன் இதற்காகவே காத்திருந்தவன் போலப் பேசினான்.

"நான் அன்னைக்கே சொன்னேன். அந்த முதியோர் இல்லத்துல திங்கக்கிழம வரைக்கும் ஒரு கட்டில் புடிச்சு வெச்சிருக்காங்க. எழுதிக் குடுத்தா கூட்டிட்டுப் போயிடலாம்."

"அது பூட்டு போட்ட வார்டுண்ணே. நான் போய்ப் பாத்தேன். எல்லாரையும் நாற்காலியோட சேத்துக் கட்டி வெச்சிருக்காங்க."

"விழுந்துடுவாங்கன்னு கட்டுறாங்க. நீ மட்டும் என்ன, கதவப் பூட்டித்தான வெச்சிருக்க?"

மகள் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு எதன் மேலும் ஆத்திரம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. திங்கட்கிழமை அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தி ஒரு நாள் முழுக்கத் தூங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய வேகத்தில் தன் மேலேயே வெறுப்பாகிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு நினைப்பும் கூடவே ஏறிக்கொண்டன.

இரண்டாவது மாடி. படியேறிக் கதவைத் திறந்தபோது மணி இரண்டரை. ஹோம் நர்ஸ் சாப்பாட்டு மேசை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டில் ஐஸ் கட்டியைச் சுற்றி முட்டிமேல் வைத்திருந்தாள். ஏஜென்சி கொடுத்த நீலக் கோட்டு மடியில் கிடந்தது. உள்ளே டைம்கீப்பர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டை கேட்டது.

"சாப்பிட்டியா?" என்று அவள்தான் கேட்டாள். "சோறு இருக்கு. முட்டை அவிச்சு வெச்சிருக்கேன்."

"வேணாங்க்கா. முட்டியக் காட்டுங்க." மகள் குனிந்து பார்த்தாள். நிஜமாகவே பூசணிதான். "டாக்டர்கிட்ட போலாமா?"

"சுளுக்குதான். இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போனா என் பொழப்பு என்னாவுறது?"

"அக்கா, இன்னும் ஒரு மாசம் பாருங்களேன். அவர் வேணும்னு பண்ணல."

"வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியாதாம்மா? இருபது வருஷமா இதே வேலதான். படுத்த படுக்கையா கெடக்கறவங்கள நான் ஒத்த ஆளா தூக்கிப் பொரட்டிடுவேன். நடக்கறவங்களத்தான் என்னால புடிக்க முடியல. ஐயாவுக்கு இன்னும் கால்ல பலம் இருக்கு. எனக்கு இல்ல. அவ்வளவுதான் விஷயம்."

"நீங்க போயிட்டா வேற யாரும் வர மாட்டாங்கக்கா. திங்கக்கிழம அவர இல்லத்துல விட்டாகணும்."

ஹோம் நர்ஸ் ஐஸ் துண்டை இன்னொரு முட்டிக்கு மாற்றினாள். "காலைல என்னோட என்ன அழகா பேசிக்கிட்டிருக்காரு தெரியுமா? நகம் வெட்டி விட்டேன். உன் கை பஞ்சு மாதிரி இருக்குன்னாரு. என் கை!" என்று காய்த்துப்போன உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அந்த மனுஷன் வேற, மூணு மணிக்கு வர்ற மனுஷன் வேற."

"அப்படி என்னதான்கா ஆகுது அவருக்கு?"

"எங்கிட்ட ஏன் கேக்கற? உக்காந்து பாரு. நீ ஒரு நாளாவது பாத்திருக்கியா?"

இரண்டே முக்காலுக்குக் குறட்டை நின்றது. டைம்கீப்பர் எழுந்து வந்தார். முகம் கழுவியிருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார், பையில் பேனா இருந்தது. மகளைப் பார்த்ததும் நின்றார்.

"புதுசா?"

வாரத்துக்கு இரண்டு தடவையாவது இது நடக்கிறதுதான். ஆனாலும் நான்தான்பா என்று சொல்ல வாயெடுத்தவளை ஹோம் நர்ஸ் கண்ணாலேயே அடக்கினாள்.

"ஆமாங்க. புதுசு" என்றாள் மகள்.

"நில்லு. பாத்துக் கத்துக்கோ."

நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டுபோய்த் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே போட்டார். கிழித்துப்போட்ட காலண்டர் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் ஸ்கேல் இல்லாமலே நேராக நாலு கோடு போட்டார். வண்டி, புறப்பட்ட நேரம், வந்த நேரம், கையெழுத்து. சட்டைப் பையிலிருந்து சின்னத் துண்டுக் காகிதம் ஒன்றை எடுத்துப் பார்த்து, முதல் கட்டத்தில் எழுதினார். மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். துண்டுக் காகிதத்தில் நடுங்குகிற கையெழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். 3.00.

அந்தத் துண்டுகள் மகளுக்குப் புதிதில்லை. எட்டு மாதமாகத் துவைக்கிற சட்டைப் பைகளிலெல்லாம் கூழாகிப்போன காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கண்டதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்திருந்தாள். காலையில் அம்மா எங்கே என்று கேட்கிறார், மூணு மணி பஸ் என்று பதில் வருகிறது, உடனே எழுதிப் பையில் போட்டுக்கொள்கிறார். அவர் மறந்தாலும் பை மறக்காது.

மூன்று மணி அடித்தது. டைம்கீப்பர் தெருவைப் பார்த்தார். தண்ணீர் லாரி போயிற்று, இரண்டு ஸ்கூட்டர் போயிற்று. மூன்று பத்துக்குத் தாளில் 'பத்து நிமிடம் தாமதம்' என்று எழுதினார். மூன்று இருபதுக்கு அதை அடித்துவிட்டு இருபது என்று திருத்தினார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

"வழியில டிராஃபிக்கா இருக்கும் சார்" என்றாள் ஹோம் நர்ஸ். நோட்டில் அதற்கும் பதில் இருந்தது.

"டிராஃபிக்னா பதினஞ்சு நிமிஷம். அதுக்கு மேல டிராஃபிக் கிடையாது. ஃபோன் போட்டுக் கேட்டியா? அங்கேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புச்சு? முந்தின ஸ்டாப்புல பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"கேக்கறேன் சார்."

"தினமும் கேக்கறேன் கேக்கறேன்னுதான் சொல்ற." அவர் எழுந்துவிட்டார். "என் வீட்டுக்காரி அதுல வர்றா. அதுக்காகச் சொல்லல. யார் வந்தாலும் இதேதான். கிளம்பின வண்டிக்கு ஒரு பதில் வேணும். வரலன்னா போய்த் தேடணும். எல்லாரும் கைய கட்டிட்டு உக்காந்திருந்தீங்கன்னா அவங்க தண்ணிக்குள்ளயே கெடப்பாங்க. தெரியுதா? கதவத் தொற!"

தண்ணிக்குள்ளே என்றதும் மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் போலிருந்தது.

அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது. அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடைசி வண்டி வந்து சேரவில்லை. எங்காவது பிரேக்டவுன் ஆகி நிற்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவரும் வந்துவிட்டார், சாப்பிட்டார், தூங்கினார். வண்டி பாலத்திலிருந்து ஆற்றுக்குள் கவிழ்ந்து கிடந்தது. யாருமே தேடாததால் விடிந்த பிறகுதான் தெரிந்தது. தேடியிருந்தால் மூன்று பேராவது பிழைத்திருப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, கிளம்பின வண்டியெல்லாம் வந்து சேராமல் அவர் இடத்தைவிட்டு எழுந்ததே இல்லை. அம்மா சோற்றை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்ததும் "எல்லாம் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் கைகழுவுவார்.

அந்த மனிதரிடம் போய் எட்டு மாதமாக, தினமும், உன் பெண்டாட்டி மூன்று மணி பஸ்ஸில் வருகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அது வரவே வராத வண்டி. நிம்மதி கிடைக்கட்டும் என்று யோசித்து, உட்கார்ந்து, நோட்டுப் போட்டு எழுதி, தினம் ஒரு விபத்தை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். வியாதியும் இல்லை ஒன்றும் இல்லை. அவர் வேலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே நின்றவர்களைத்தான் தள்ளினார். மாத்திரை வேறு கொடுத்தோமே என்று மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. டாக்டருக்குத் தெரியாது, அண்ணன் அப்போது வெளியூர் ஹாஸ்டலில் இருந்தான், அவனுக்கும் தெரியாது. தனக்குத் தெரியும். தெரிந்தும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

டைம்கீப்பர் கதவை உலுக்கிக்கொண்டிருந்தார். ஹோம் நர்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். மகள் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்து, காதோடு சொன்னாள்.

"அக்கா, நீங்க வெளிய போய் பெல் அடிங்க. வண்டி வந்துடுச்சுன்னு சொல்லுங்க. நீங்கதான் கண்டக்டர்."

"நானா? வந்துடுச்சுன்னா அம்மா எங்கன்னு கேப்பாரே!"

"கேக்கட்டும். மொதல்ல வண்டி வரட்டும்."

"என்னம்மா நீ, கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று முணுமுணுத்தாலும் அவள் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டாள். ஆணியில் தொங்கிய தன் கைப்பையை எடுத்துத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டாள். மகள் பூட்டைத் திறந்தாள். "சார், ஒரு நிமிஷம், ஆளனுப்பிக் கேட்டு வரச் சொல்றேன்" என்றதும் டைம்கீப்பர் விலகி வழிவிட்டார். கேட்க ஆள் போகிறது என்றால் அவருக்கு அது நியாயமான ஏற்பாடு. ஹோம் நர்ஸ் நொண்டிக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடியது. அவள் அந்தப் பக்கம் என்ன செய்தாளோ, இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை. அந்த இரண்டு நிமிஷமும் டைம்கீப்பர் கதவின் கைப்பிடியைப் பார்த்தபடி நின்றார்.

பெல் அடித்தது. மகள் கதவைத் திறந்தாள்.

"மூணு மணி வண்டி வந்துடுச்சு சார்" என்றாள் ஹோம் நர்ஸ். முட்டி வலியில் நிஜமாகவே மூச்சு வாங்கியது.

"ஏன் லேட்டு?"

"டயர் பஞ்சர் சார்."

"எங்க?"

அவள் முழித்தாள். "அந்தப் பாலத்துக்கிட்ட சார்."

ஹோம் நர்ஸுக்கு அந்தப் பாலத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ரோடு என்றால் ஒரு பாலம் இருக்கும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். டைம்கீப்பர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"பாலத்தத் தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன் சார்."

"தாண்டிதான் நிறுத்துனியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"தாண்டினப்புறந்தான் சார் பஞ்சர். இந்தப் பக்கம்."

"எத்தனை பேரு?"

"நாப்பத்திரெண்டு."

"நாப்பத்திரெண்டு பேரும்?"

"எல்லாரும் எறங்கி வீட்டுக்குப் போயாச்சு சார். ஒருத்தருக்கும் ஒரு கீறல் கூட இல்ல."

அவர் திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த நேரம் மூன்று ஐம்பது என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். பெயர் பாதியில் கோணிக்கொண்டு போயிற்று, ஆனால் முடிவில் இழுக்கிற அந்தக் கோடு பழையபடியே அழுத்தமாக விழுந்தது. எட்டு மாதத்தில் நிரம்பிய முதல் தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹோம் நர்ஸ் சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"கண்டக்டர்" என்றார் தலையைத் தூக்காமல். "என் வீட்டுக்காரி இதுல வந்தாளா?"

ஹோம் நர்ஸ் மகளைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு நோட்டில் பதில் கிடையாது. ஃபோன் செய்து அண்ணனைக் கேட்க நேரமும் கிடையாது. சொல்ல வேண்டியவள் தான்தான் என்பது மகளுக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றாள். "அவங்க அதுல வரல."

"எறங்கலையா?"

"ஏறவே இல்லங்க."

"ஏறவே இல்லையா?"

"ஏறவே இல்ல."

டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று மகள் ஓரடி முன்னால் வைத்தாள். அவர் அழவில்லை. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"அப்பாடா" என்றார். "நான் பயந்தே போயிட்டேன்."

பேனாவுக்கு மூடி போட்டுப் பையில் செருகினார். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார். ஹோம் நர்ஸ் நொண்டுவது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "கால்ல என்ன? உக்காரு. காலை நீட்டி உக்காரு. டயர் மாத்துறப்ப டிரைவர்கூடச் சேர்ந்து நீயும் தள்ளுனியாக்கும்? டீ சொல்லட்டுமா?" என்று எழுந்து தன் நாற்காலியையே அவளுக்குக் கொடுத்தார். நேற்று அவளைத் தள்ளிய அதே கைதான் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது. அவள் உட்கார்ந்து, "நல்லா சூடா சொல்லுங்க சார்" என்றாள்.

அப்புறம் மகளிடம் திரும்பினார்.

"நீ ஏம்மா இன்னும் நிக்கற? கிளம்பின வண்டியெல்லாம் வந்தாச்சு. உன் வேலை முடிஞ்சது. ரொம்ப நேரமா நிக்கறியே, மூஞ்செல்லாம் வாடிக் கெடக்கு. வீட்டுக்குப் போ. வீட்டுல தேடுவாங்க."

மகள் தன் பையை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மேல்படியில் உட்கார்ந்தாள். வீட்டில் தேடுவதற்கு யார் இருக்கிறார்கள்? அப்படித் தேடக்கூடிய ஒரே மனிதர் கதவுக்கு அந்தப் பக்கம் டீக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அம்மா செத்த வீட்டில் எட்டு மாதமாக அம்மா சாகவில்லை, சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுக்குள் அழ இடமே இருக்கவில்லை. ஏறவே இல்லை என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் மகளுக்கே அது உறைத்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, படிச் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து அழுதாள். லென்ஸ் மாவு கன்னத்தில் கோடு கோடாக இறங்கியது.

கதவு லேசாகத் திறந்தது. ஹோம் நர்ஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நாளைக்கு வண்டிய மூணு மணிக்கே கொண்டாந்துடட்டுமா? எதுக்கு அந்த மனுஷன அம்பது நிமிஷம் நிக்க வைக்கணும்?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "சனிக்கிழமையோட நின்னுக்கறேன்னீங்களேக்கா."

"அது அவர் தள்ளுறார்ங்கறதுக்காகச் சொன்னது. வண்டி வந்துட்டா எதுக்குத் தள்ளப்போறாரு? நாற்காலி எல்லாம் குடுத்திருக்காரு எனக்கு. ஒரு மாசம் பாப்போம். முட்டி என்ன சொல்லுதோ அதுவும் பாப்போம்."

"மூணு மணி வேணாங்க்கா. டாண்ணு வந்தா சந்தேகப்படுவாரு. மூணு அஞ்சுக்கு வாங்க."

"சரி, மூணு அஞ்சு."

உள்ளேயிருந்து டைம்கீப்பரின் குரல் வந்தது. அதட்டல் இல்லை, அலுப்பில் தோய்ந்த, வேலை முடிந்த மனிதரின் குரல். "யாரது வாசல்ல பேச்சு? அந்தப் புதுப் பொண்ணு இன்னும் போகலையா?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதோ கிளம்பிட்டேன் சார்" என்றாள்.

சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் அவர் காதில் விழ வேண்டும் என்பதற்காக, நாலு படி இறங்கி நின்றாள்.